மஸ்ஹும் மஸீஹும்: ஒரு கிரேக்க வினைச்சொல்லை முன்வைத்து

ஒரு சொல்லின் வேரைத் தோண்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்காரனின் வேலியைப் பிடுங்கும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. கண்டி நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நடக்கும் மார்க்க உரைகளில் 'கிறிஸ்து' என்ற சொல் அடிக்கடி மேடைக்கு இழுத்து வரப்படுகிறது. இழுத்து வருபவருக்குக் கிரேக்கம் தெரியாது. கேட்பவருக்கும் தெரியாது. ஆகவே சொன்னதெல்லாம் சரியாகிவிடுகிறது. 'கிறிஸ்து என்பது பாதிரிமார் பிற்காலத்தில் கிரேக்கத்தில் உருக்கி வார்த்த சொல். மஸீஹ் என்ற சாதாரணச் சொல்லை மறைப்பதற்காகச் செய்த தந்திரம்' என்கிறார் ஒருவர். கூட்டம் 'அல்லாஹு அக்பர்' என்கிறது.

மறுபக்கமும் சும்மா இல்லை. பஸ் நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரம் ஒன்று சொல்கிறது: கிரேக்கத்தில் எண்ணெய் பூசுவதற்கு இரண்டு வினைச்சொற்கள் உண்டாம். 'அலெய்ஃபோ' என்பது உடம்புக்கும் தலைக்கும் பூசும் சாதாரண எண்ணெய்க்கு. 'க்ரியோ' என்பது இறைவன் மட்டுமே பூசும் புனித எண்ணெய்க்கு. இந்த இரண்டாவதிலிருந்துதான் 'க்ரிஸ்தோஸ்' வந்தது. ஆகவே அந்தப் பெயரிலேயே தெய்வீகம் இருக்கிறது என்பது பிரசுரத்தின் முடிவு.

இரண்டும் பிழை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைத்து எழுத நான் வரவில்லை. பிரசுரக்காரருக்குப் பதில் சொல்ல அவர்களுடைய குருமார் இருக்கிறார்கள். நம் மேடைக்கு நாம்தான் பொறுப்பு. ஆகவே அடியும் அங்கேதான் அதிகமாக விழும்.

எனக்குக் கிரேக்கம் தெரியும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஆசிரியர் கலாசாலையில் பயின்று, கிராமத்துப் பாடசாலையில் தமிழும் சமயமும் கற்பிப்பவன் நான். அந்த மொழியை எழுத்துக் கூட்டத் தெரியும். அகராதி புரட்டத் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் தூரம்தான். லிடலும் ஸ்கொட்டும் 1843இல் முதன்முதலாக வெளியிட்ட கிரேக்க - ஆங்கில அகராதி இன்றும் அறிஞர் கையில் இருக்கும் நூல். அதில் க்ரியோவுக்கு உரிய பகுதியைப் படிக்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தைச் செலவிடாதவர்கள் இரண்டு மணி நேரம் பேசுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

அகராதி காட்டும் வழியில் போவோம். கிரேக்க மொழியின் மிகப் பழைய இலக்கியம் ஹோமருடையது. ஒடிஸி காவியத்தில் விருந்தாளியாக வந்த இளைஞன் தெலமாக்கஸைக் குளிப்பாட்டி, ஒலிவ எண்ணெய் தேய்த்து, உடை உடுத்திவிடுகிறாள் அந்த வீட்டுப் பெண். அங்கே வரும் வினை க்ரியோ. நாம் எண்ணெய் வைத்து முழுகுவதைப் போன்ற ஒரு காரியம். புனிதம் ஒன்றும் இல்லை. அதே காவியத்தின் முதற் பகுதியில் ஒடிசியஸ் தன் அம்புகளின் முனையில் பூசுவதற்கு ஆள்கொல்லி நஞ்சு தேடிப் போன கதை வருகிறது. நஞ்சைப் பூசுவதற்கும் அதே க்ரியோதான். பிரசுரக்காரரின் 'இறைவன் மட்டுமே பூசும் எண்ணெய்' இங்கே அம்பு முனையில் விஷமாக நிற்கிறது.

இன்னும் வேடிக்கை, அதே காவியத்தின் ஆறாம் பகுதி. ஆற்றங்கரைக்குத் துணி துவைக்க வந்த பெண்கள் குளித்து எண்ணெய் பூசிக்கொள்கிறார்கள்: க்ரியோ. சற்று நேரத்தில் அதே ஆற்றில் ஒடிசியஸ் குளித்து எண்ணெய் பூசிக்கொள்கிறான்: அலெய்ஃபோ. ஒரே ஆறு, ஒரே பகுதி, ஒரே காரியம், இரண்டு வினைகள். ஓசையும் யாப்பும் எதைக் கேட்டதோ அதைக் கவிஞன் எடுத்துக்கொண்டான். பன்னிரண்டாம் பகுதியில் கடற்கன்னியரின் பாட்டு கேட்காதிருக்கத் தோழர்களின் காதுகளில் மெழுகு பூசும் இடத்தில் அலெய்ஃபோ வருகிறது. விளையாட்டுக் கூடங்களில் மல்லர்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பயிற்சி கொடுப்பவனுக்கும் அந்தச் சொல்லிலிருந்துதான் பெயர்.

க்ரியோவுக்கு இன்னொரு முகமும் உண்டு: உராய்தல், கீறுதல், கொட்டுதல். எஸ்கிலஸின் பெயரால் வழங்கும் புரொமிதியஸ் நாடகத்தில், மாட்டீ கொட்டித் துரத்தும் பெண்ணின் அலறலில் இந்த வினையைக் கேட்கலாம். அடிப்பொருள் ஒன்றுதான். ஒரு பொருளின் மேற்பரப்பில் இன்னொன்று அழுந்திப் படிதல். எண்ணெய் படியலாம், நஞ்சு படியலாம், கொடுக்கும் படியலாம்.

இந்த வினையிலிருந்து பிறந்த 'க்ரிஸ்தோஸ்' என்ற பெயரடைக்கு வருவோம். ஈஸா (அலை) அவர்கள் பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்னரே அது நாடக மேடையில் இருக்கிறது. அதே புரொமிதியஸ் நாடகத்தில் மருந்து வகைகள் பேசப்படும் இடத்தில், உண்பது, குடிப்பது ஆகியவற்றுடன் 'க்ரிஸ்தோஸ்' என்று ஒரு வகையும் வருகிறது. யூரிப்பிடீஸின் ஹிப்பொலிட்டஸ் நாடகத்தில், காதல் நோய்க்கு மருந்து தருகிறேன் என்ற தாதியிடம் ஃபைட்ரா கேட்கிறாள், அது பூசுகிற மருந்தா குடிக்கிற மருந்தா என்று. 'பூசுகிற' என்ற இடத்தில் நிற்கும் சொல் 'க்ரிஸ்தோஸ்' என்பதன் ஒரு வடிவம். நம் ஆஸ்பத்திரிகளில் மருந்துப் போத்தலில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று ஒட்டியிருப்பார்களே, அதுதான். ஒரு சாதாரண ஏதென்ஸ்காரனின் காதில் 'இயேசு க்ரிஸ்தோஸ்' என்று விழுந்திருந்தால், 'களிம்பு இயேசு' என்பது போல ஏதோ ஒன்றாகத்தான் கேட்டிருக்கும். ரோமில் பலர் அதை 'நல்லவன், பயனுள்ளவன்' என்று பொருள்படும் 'க்ரெஸ்தோஸ்' என்ற, அடிமைகளுக்கு வழக்கமாக இடப்பட்ட பெயருடன் குழப்பிக்கொண்டார்கள். வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிய 'க்ரெஸ்டுஸ்' அந்தக் குழப்பத்தின் விளைவு என்றே அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

அப்படியானால் இந்தக் களிம்புச் சொல் ஒரு பட்டமாக எப்படி ஆயிற்று? நம் மேடைப் பேச்சாளர்கள் தாண்டிக் குதித்துவிடும் இடம் இதுதான்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து யூதர்கள் தங்கள் வேதத்தை ஹீப்ரு மொழியிலிருந்து கிரேக்கத்துக்குப் பெயர்த்தார்கள். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று அதைச் சொல்வார்கள். தோராவின் ஐந்து பகுதிகளும் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் முதலில் பெயர்க்கப்பட்டன. மற்றவை பின்னர் சேர்ந்தன. ஹீப்ருவில் 'மஷஹ்' என்றால் பூசுதல், தடவுதல். அரசரையும் தலைமைக் குருவையும் எண்ணெய் பூசிப் பதவியில் அமர்த்துவது அவர்கள் வழக்கம். அப்படிப் பூசப்பட்டவர் 'மஷீயஹ்'. மொழிபெயர்த்த யூதர்கள் 'மஷஹ்' என்பதற்கு க்ரியோவை எடுத்தார்கள். 'மஷீயஹ்' என்பதற்கு க்ரிஸ்தோஸை எடுத்தார்கள். தாவூதும் க்ரிஸ்தோஸ். தாலூத் அரசரும் க்ரிஸ்தோஸ். ஏசாயா ஆகமத்தின் 45ஆம் அதிகாரத்தில், யூதனே அல்லாத பாரசீகப் பேரரசன் கோரேஸும் க்ரிஸ்தோஸ்.

எனவே நம் மேடைக்காரர் சொல்லும் 'பாதிரிமார் வார்த்த சொல்' என்ற கதை இங்கேயே விழுந்துவிடுகிறது. ஈஸா (அலை) அவர்களின் காலத்துக்கு முன்பே, கிறிஸ்தவம் என்று ஒன்று இல்லாத காலத்தில், யூதர்கள் செய்த மொழிபெயர்ப்பு அது. யோவான் சுவிசேஷம் இன்னும் வெளிப்படையானது. 'மெஸியாஸ்' என்ற மூலச் சொல்லையே கிரேக்க எழுத்தில் எழுதி, அதற்கு மொழிபெயர்ப்பு 'க்ரிஸ்தோஸ்' என்று முதலாம் அதிகாரத்திலும் நான்காம் அதிகாரத்திலும் வாசகனுக்குச் சொல்கிறது. மறைக்க நினைப்பவன் மூலச் சொல்லையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பானா?

இந்தப் பிழை நம்மிடம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். தென்னாபிரிக்காவின் அஹ்மத் தீதாத் (1918 - 2005) எழுதிய இஸ்லாத்தில் கிறிஸ்து பற்றிய சிறுநூலில், சாதாரணச் சொல்லைக் கிரேக்கமாக்கி அதைத் தனித்துவமாகத் தோன்றச் செய்தார்கள் என்ற வாதம் இருக்கிறது. அந்த மனிதரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் காலத்தில் தாழ்வு மனப்பான்மையில் கிடந்த ஒரு சமூகத்துக்கு அவர் துணிவு கொடுத்தார். கோரேஸ் மன்னனும் குருமாரும் வேதத்தில் அதே சொல்லால் அழைக்கப்படுகிறார்கள் என்று அவர் எடுத்துக் காட்டியதும் சரியே. பிரசுரக்காரருக்கு அதுவே போதுமான பதில். ஆனால் மொழிபெயர்த்ததையே மோசடி என்று சொல்லும் இடத்தில் வாதம் தடம் புரள்கிறது. அவருடைய பலமான பாதியை விட்டுவிட்டுப் பலவீனமான பாதியை மனப்பாடம் செய்துகொண்டவர்கள் நம் பேச்சாளர்கள்.

பிரசுரத்துக்கும் ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். புதிய ஏற்பாட்டில் முன்னொட்டு எதுவுமின்றி க்ரியோ ஐந்து இடங்களில் மட்டுமே வருகிறது. ஐந்திலும் பூசுபவன் இறைவன். அலெய்ஃபோ நோயாளிக்கும் நோன்பாளியின் தலைக்கும் விருந்தாளியின் பாதத்துக்கும் வருகிறது. அந்த ஒரு நூலுக்குள் வேறுபாடு உண்மை. மொழியின் விதியாக அதை ஆக்கும்போதுதான் பொய்யாகிறது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் 40ஆம் அதிகாரத்தில் ஹாரூன் (அலை) அவர்களுக்குப் பூசும்போது க்ரியோ. இரண்டு வசனம் தள்ளி அவர் பிள்ளைகளுக்குப் பூசும்போது அலெய்ஃபோ. எரேமியா 22ஆம் அதிகாரத்தில் ஒருவன் தன் மாளிகைக்குச் செங்காவிச் சாயம் அடிக்கிறான்: அங்கே க்ரியோ! அதைக் கொண்டு அந்த மாளிகையையும் கிறிஸ்து என்போமா? யோவான் சுவிசேஷத்தில் குருடனின் கண்ணில் சேறு பூசப்படும்போது வருவதும் முன்னொட்டுச் சேர்ந்த க்ரியோதான்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நடந்த ஒன்றை நம் இலக்கிய அன்பர்கள் கவனிக்க வேண்டும். யூத மார்க்கத்தைத் தழுவிய அகிலா என்பவர் வேதத்தை மீண்டும் கிரேக்கத்தில் பெயர்த்தார். அதற்குள் 'க்ரிஸ்தோஸ்' கிறிஸ்தவர்களின் கொடியாகிவிட்டது. ஆகவே அவர் அந்தச் சொல்லைத் தொடாமல், அலெய்ஃபோவிலிருந்து 'எலெய்ம்மெனோஸ்' என்ற வடிவத்தை எடுத்தார். பொருள் அதேதான்: பூசப்பட்டவர். முன்னோர் கையாண்ட நல்ல சொல் ஒன்று எதிராளியின் வாயில் புகுந்துவிட்டது என்பதற்காகக் கைவிடப்பட்டது. இதை வாசித்தபோது எனக்கு நம் தமிழ்தான் நினைவுக்கு வந்தது.

அறபுக்கு வருவோம். 'மஸஹ' என்றால் தடவினான், துடைத்தான். 'மஸீஹ்' என்பது அல்குர்ஆனில் பதினொரு இடங்களில் வருகிறது. பதினொன்றும் ஈஸா (அலை) அவர்களையே குறிக்கின்றன. நம் கையிலிருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புகளில் நான் பார்த்தவை 'மஸீஹ்' என்றே எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. பொருள் கேட்டால், 'அது பெயர், பெயரை மொழிபெயர்க்கக் கூடாது' என்பார் மௌலவி. ஆல இம்ரான் 45ஆம் வசனத்தில் அவருடைய பெயர் என்றே சொல்லப்பட்டிருக்கிறதே என்றும் காட்டுவார். சரி. ஆனால் 'அல்' என்ற முன்னொட்டுடன் வரும் அந்தப் பட்டப்பெயரை நம் முன்னோர் பொருள் கேட்காமல் விட்டார்களா?

இமாம் தபரி அதே வசனத்தின் விளக்கத்தில், இது 'மம்ஸூஹ்', அதாவது தடவப்பட்டவர் என்பதன் மாற்று வடிவம் என்கிறார். அல்லாஹ் அவரைத் தடவிப் பாவங்களிலிருந்து தூய்மைப்படுத்தினான் என்கிறார். இமாம் ராஸி பல கருத்துகளை அடுக்குகிறார். நோயாளியைத் தடவினார், நோய் நீங்கியது, ஆகவே மஸீஹ். பூமியில் சுற்றித் திரிந்தார், ஆகவே மஸீஹ். அநாதைகளின் தலையைத் தடவினார் என்பாரும் உண்டு. நபிமார்களுக்கு மட்டுமே பூசப்படும் தூய எண்ணெய் பூசப்பட்டவராகப் பிறந்தார் என்ற கருத்தையும் அவர் விடாமல் பதிந்திருக்கிறார். அபூ உபைத் போன்றோர் இது ஹீப்ருவின் 'மஷீஹா' அறபாகியது என்று நேரடியாகவே சொன்னார்கள். காமூஸ் அகராதி எழுதிய ஃபீரூஸாபாதி, இந்தச் சொல்லின் பிறப்புப் பற்றி ஐம்பது கருத்துகளைத் தாம் திரட்டியிருப்பதாக எழுதுகிறார். ஐம்பது! நம்மிடம் ஒன்றுகூட இல்லை.

குர்ஆனில் பிறமொழிச் சொல் உண்டு என்று சொன்னாலே முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: இமாம் ஸுயூத்தி அப்படிப்பட்ட சொற்களைத் தொகுத்து 'அல்முஹத்தப்' என்று தனி நூலே எழுதினார். அவருடைய ஈமானில் குறை கண்டவர் எவருமில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வுழூ கற்பிக்கிறோம். முகம் கழுவு, கைகளை முழங்கை வரை கழுவு, தலைக்கு மஸ்ஹுச் செய், காலைக் கழுவு. ஷாஃபி மத்ஹபில் தலையின் ஒரு சிறு பகுதியை ஈரக் கையால் தடவினாலும் போதும் என்பது வரை சொல்லிக் கொடுக்கிறோம். 'மஸ்ஹு' என்ற சொல் அந்தப் பிள்ளையின் வாயில் தினம் ஐந்து தடவை இருக்கிறது. அதே பிள்ளைக்கு ஈஸா நபியின் வரலாறு கற்பிக்கும்போது 'மஸீஹ்' என்கிறோம். இரண்டும் ஒரே மீம், ஸீன், ஹா என்று யாராவது சொல்கிறோமா? அறபுத் தமிழில் எழுதிய நம் பாட்டன்மாரின் கிதாபுகளில் இரண்டு சொல்லும் அதே எழுத்துகளால் கண்ணுக்கு முன்னால் நின்றன. கேட்காமலே தெரிந்தது. நாம் தமிழ் எழுத்துக்கு மாறினோம், நல்லது. கண் கண்டதை வாய் சொல்லாமல் விட்டோம். கண்டியில் பிறந்து, 1882இல் இங்கிருந்தே 'முஸ்லிம் நேசன்' நடத்திய சித்தி லெப்பை மரைக்காயர் அறபு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பிள்ளைகள் தேற வேண்டும் என்று நின்றவர். அந்த ஊரின் வாரிசுகள் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல அஞ்சுகிறோம்.

அச்சத்துக்குக் காரணம் எனக்கு விளங்காமலில்லை. தமிழில் இதற்கு வழங்கிய சொல் 'அபிஷேகம்'. 1871இல் வந்த தமிழ் பைபிள் க்ரியோவுக்கு அபிஷேகம் என்றும், நோயாளிக்குப் பூசும் அலெய்ஃபோவுக்கு எண்ணெய் பூசுதல் என்றும் எழுதியது. அபிஷேகம் என்றால் நமக்குக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில்தான் நினைவுக்கு வரும். வடமொழியில் அது மேலே ஊற்றுவதைக் குறிக்கும் சொல். தடவுவது அதில் இல்லை. ஆக அந்தச் சொல் நமக்கு மட்டுமல்ல, மூலத்துக்கும் பொருந்தவில்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'அருள்பொழிவு' என்று மாற்றியது. கோவில் வாசம் போய்விட்டது. கூடவே எண்ணெயும் போய்விட்டது! ஊற்றுவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சரியான சொல் கத்தோலிக்கரின் அன்றாட வழக்கில் கிடக்கிறது. நோயாளிக்கு எண்ணெய் தொட்டு வைக்கும் சடங்கை அவர்கள் 'நோயிற்பூசுதல்' என்பார்கள். முன்பு 'அவஸ்தைப்பூசுதல்' என்றார்கள். பூசுதல், தடவுதல் - கிழவிகளுக்கும் தெரிந்த தமிழ். மஸஹ, மஷஹ், க்ரியோ மூன்றுக்கும் அச்சாகப் பொருந்தும் தமிழ். அதை நாம் எடுத்துக்கொண்டால் யாருடைய கோவிலுக்கும் போக வேண்டியதில்லை. யாருடைய கொடியும் அதில் பறக்கவில்லை. அகிலாவுக்கு இருந்த நெருக்கடிகூட நமக்கு இல்லை.

இது வெறும் அகராதிச் சண்டை என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் நம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அந்த நாட்களில் எங்கள் ஊர் முனையில் இரவு முழுக்க விழித்து நின்றவர்களில் ஒரு சிங்களப் பெரியவரும் இருந்தார். அடுத்த மாதம் சித்திரைப் புத்தாண்டு வந்தது. புத்தாண்டுக்குப் பின் ஒரு சுபவேளையில் குடும்பத்தின் மூத்தவர் இளையவர்களின் தலையில் மூலிகைச் சாறு கலந்த எண்ணெய் வைப்பது சிங்களவர் வழக்கம். தலைக்கு மேல் ஓர் இலை, காலடியில் ஓர் இலை. எந்த இலை என்பதை அந்த ஆண்டின் பஞ்சாங்கம் சொல்லும். விளையாடப் போயிருந்த நம் பிள்ளை ஒருவனின் தலையிலும் அந்தப் பெரியவர் எண்ணெய் வைத்து அனுப்பினார். அந்த வாரமே ஒரு மேடையில் அது 'ஷிர்க்' என்று அறிவிக்கப்பட்டது. 'எண்ணெய் பூசுவது வேதக்காரரின் வணக்கம், கிறிஸ்து என்ற சொல்லே அதிலிருந்துதான் வந்தது' என்று ஆதாரமும் காட்டப்பட்டது! பிள்ளையின் தகப்பன் பெரியவரின் வீட்டு வாசலில் போய் நின்று, இனி இப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

சுபவேளையும் கிரக பலனும் நம்முடையவை அல்ல. அவற்றை நம் பிள்ளை நம்ப வேண்டியதில்லை. அதை வீட்டில் பக்குவமாகச் சொல்லலாம். ஆனால் எண்ணெய் எப்போது வணக்கமாயிற்று? ஒலிவ எண்ணெயை உண்ணும்படியும் பூசிக்கொள்ளும்படியும், அது பரக்கத்தான மரத்திலிருந்து வருகிறது என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் இருக்கிறது. அங்கே வரும் வினை 'தஹன்' என்ற வேரிலிருந்து வருவது. பூசு எண்ணெய், உடல் எண்ணெய். கிரேக்கத்தின் அலெய்ஃபோவுக்கு நம் அறபு அண்ணன் என்று சொல்லலாம். இமாம் ராஸியின் வாக்கியத்தில் 'துஹ்ன்' என்ற எண்ணெயும் 'மஸஹ' என்ற தடவலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எண்ணெய்க்கு ஒரு சொல், கைக்கு ஒரு சொல். நோக்கம் எது என்பதை இரண்டு சொல்லும் தாமாகச் சொல்லிவிடுவதில்லை. நஞ்சு பூசிய அம்பையும் விருந்தாளியின் முதுகையும் ஒரே வினையால் சொன்ன கிரேக்கனுக்கு அது தெரிந்திருந்தது. மார்ச்சில் காவல் நின்ற கை ஏப்ரலில் எதற்காகத் தலையைத் தொட்டது என்பது நம் பேச்சாளருக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் அதே வேரில் இருக்கிறது. ஸூரத்துல் கலம் 9ஆம் வசனத்தில், நீர் வளைந்து கொடுத்தால் தாங்களும் வளைந்து கொடுக்க எதிரிகள் விரும்புகிறார்கள் என்ற கருத்து வரும் இடத்தில் இருப்பதும் இந்த 'தஹன்' வேர்தான். எண்ணெய் தடவியதைப் போல் வழுவழுப்பாகப் பேசிக் காரியம் சாதித்தல். கூட்டத்தின் முகம் பார்த்து, அது கேட்க விரும்புவதைச் சொல்லி, கைதட்டல் வாங்கும் உரையாளர்கள் அந்த வசனத்தின் விளக்கத்தை ஒரு தடவை படித்துக்கொள்வது நல்லது.

நம் மொழிபெயர்ப்பாளர்களிடமும் பாடநூல் எழுதுவோரிடமும் நான் கேட்பது பெரிய காரியமல்ல. 'மஸீஹ்' என்பதை அப்படியே வையுங்கள், அது திருப்பெயர். ஆனால் முதல் இடத்தில் ஓர் அடிக்குறிப்பு: தடவப்பட்டவர், பூசப்பட்டவர், தலைக்குச் செய்யும் மஸ்ஹுடன் ஒரே வேர். முற்காலத்து நபிமார், அரசர் வழக்கத்துடன் தொடர்புடையது என்றும் கிரேக்கத்தில் இதையே க்ரிஸ்தோஸ் என்றார்கள் என்றும் இன்னொரு வரி. இதனால் எந்த அகீதாவும் ஆட்டம் காணாது. தடவப்பட்டவர் என்றால் தடவியவன் ஒருவன் வேண்டும். தடவியவன் வேறு, தடவப்பட்டவர் வேறு. பிரசுரக்காரரிடம் பேச இந்த ஓர் இலக்கணமே போதும். அவருடைய புத்தகத்தின் ஐந்து இடங்களும் அதைத்தான் சொல்கின்றன.

என் வகுப்பில் கரும்பலகையில் மீம், ஸீன், ஹா எழுதிக் காட்டி இதை நடத்துகிறேன். இவ்வாண்டு ஒரு பிள்ளை எழுந்து, அப்படியென்றால் தஜ்ஜாலையும் ஏன் மஸீஹ் என்கிறோம் என்று கேட்டாள். அவனுடைய ஒரு கண் தடவி அழிக்கப்பட்டது, ஆகவே அவனும் 'மம்ஸூஹ்' என்று நம் அறிஞர் பலர் சொல்லியிருப்பதைச் சொன்னேன். 'அப்ப தடவினா ஒருத்தர் நபி, இன்னொருத்தர் குருடா சேர்?' என்றாள் அவள். யார் தடவினது, எதைத் தடவினது என்று பார்க்க வேணும் மகள் என்றேன். அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.